பதில்: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்வது குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். சோமனூர்ப் பக்கத்துப் பள்ளியிலிருந்து 36 பிள்ளைகளைக் கருமத்தம்பட்டி செபமாலை மாதா பசிலிக்காவுக்கு அழைத்துச் செல்லவிருப்பதாகவும், பெரும்பாலோர் கிறித்தவரல்லாததால் எதைக் காட்டுவது, பெற்றோர் வருந்துவார்களோ என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசி, திருப்பலி என்னும் பூசை வழிபாடு இல்லாத முற்பகல் வேளையைக் கேட்டு வாங்குங்கள். பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில், இது பார்த்து அறிவதற்கான பயணம் மட்டுமே என்றும், தீர்த்தம் தொடுவதோ முழந்தாளிடுவதோ எந்தப் பிள்ளைக்கும் கட்டாயமில்லை என்றும் தெளிவாக எழுதிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

உள்ளே சென்றதும் விளக்கவுரையைத் தொடங்கிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் பிள்ளைகள் சும்மா அண்ணாந்து பார்க்கட்டும். பிறகு சுவரிலுள்ள சிலுவைப்பாதையின், அதாவது இயேசு சிலுவை சுமந்து சென்ற பாடுகளைக் காட்டும் காட்சிகளின், 14 நிலைகளுக்கு அழைத்துச் சென்று, இயேசு எத்தனை முறை கீழே விழுகிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 3, 7, 9 ஆகிய நிலைகளை அவர்களே தேடி எடுப்பார்கள். ஆறாவதில் ஒரு பெண் அவர் முகத்தைத் துடைப்பதை எவரேனும் ஒரு பிள்ளை கட்டாயம் கவனிக்கும். அங்கே சற்று நேரம் நில்லுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

வழிபாட்டில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழையருகே எரியும் அணையா விளக்கைக் காட்டும்போது, நம் கோயில் கருவறையில் எரியும் தூண்டாமணி விளக்கை நினைவூட்டினால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். பீடத்தின் மேல் மட்டும் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.