பயாப்சி அறிக்கையில் 'மெட்டாபிளாசியா': இரைப்பை அழற்சி எப்போது புற்றுநோயாக மாறுகிறது?

கேள்வி: எனக்கு வயது 52. பல ஆண்டுகளாக வயிற்று எரிச்சல் இருக்கிறது. பாண்டாப்ரசோல் சாப்பிட்டுச் சமாளித்து வந்தேன். சென்ற மாதம் எண்டோஸ்கோப்பி செய்து பயாப்சி எடுத்ததில், 'நாள்பட்ட இரைப்பை அழற்சி, ஹெச். பைலோரி உள்ளது, இன்டஸ்டைனல் மெட்டாபிளாசியா' என்று அறிக்கை வந்திருக்கிறது. என் தந்தை இரைப்பைப் புற்றுநோயால் இறந்தவர். இது புற்றுநோயின் தொடக்கமா? அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் தடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் அறிக்கையில் இருப்பது புற்றுநோய் அன்று. நெதர்லாந்து முழுவதும் இருந்து திரட்டிய பயாப்சி பதிவுகளைக் கொண்டு 2008-இல் வெளியான ஆய்வில், மெட்டாபிளாசியா (இரைப்பைச் செல்கள் குடல் செல்களைப் போல மாறியிருத்தல்) உள்ளவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வரும் விகிதம் ஆண்டுக்குச் சுமார் 0.25 விழுக்காடு, அதாவது 400 பேரில் ஒருவர் என்ற அளவில்தான் இருந்தது. எனினும் தந்தைக்கு இந்நோய் இருந்திருப்பதால், உங்கள் நிலையை அலட்சியப்படுத்தவும் இயலாது.

ஹெலிகோபாக்டர் பைலோரி பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றி, மருந்து கொடுத்து அகற்றாவிட்டால் வாழ்நாள் முழுவதும் இரைப்பையில் தங்கிவிடும் பாக்டீரியா. அதை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் வெளியிடும் வேதிப்பொருட்கள் கிருமியை முழுதாக ஒழிப்பதில்லை. மாறாக, சுற்றியுள்ள இரைப்பைச் செல்களின் டி.என்.ஏ.வைச் சிறிது சிறிதாகச் சேதப்படுத்துகின்றன. அதே நேரத்தில், இன்டர்லூகின் போன்ற அழற்சிப் புரதங்கள் செல்லுக்குள் இருக்கும் என்.எஃப்.-கப்பா-பி, ஸ்டாட்-3 ஆகிய விசைகளை முடுக்கி, அழிய வேண்டிய செல்லைப் பிழைத்திருக்கவும் பெருகவும் தூண்டுகின்றன. பல ஆண்டுகள் இப்படியே நீடிக்கும்போது அமிலம் சுரக்கும் சுரப்பிகள் மெலிந்து மறைய, எஞ்சிய செல்கள் தம் இயல்பையே மாற்றிக்கொள்கின்றன. வழக்கமாகக் குடலில் மட்டும் செயல்படும் சி.டி.எக்ஸ்.-2 என்னும் மரபணு இரைப்பையில் விழித்துக்கொள்கிறது. ஆல்சியன் நீலச் சாயம் ஏற்றிய திசுத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால், இரைப்பையில் இருக்கவே கூடாத கோப்லெட் செல்கள் கோப்பை வடிவில், நீலம் நிரம்பித் தனித்துத் தெரியும். உங்கள் அறிக்கை குறிப்பிடும் மெட்டாபிளாசியா இதுதான்.

இயல்பை மாற்றிக்கொள்ளும் இந்த நெகிழ்தன்மை செல்களுக்கு இருப்பது குறை அன்று; புண் ஆறுவதற்கு அது தேவை. டி.என்.ஏ. சேதமும் பெருக்கத் தூண்டுதலும் ஓயாமல் தொடரும் இடத்தில் அது இயங்கும்போதுதான் ஆபத்து. அழற்சி, சுரப்பி மெலிவு, மெட்டாபிளாசியா, டிஸ்பிளாசியா (செல்கள் உருக்குலைந்து புற்றுநோய்க்கு முந்தைய கட்டத்தை அடைதல்), புற்றுநோய் என்ற இந்த வரிசையை 1975-இலேயே கொலம்பியாவைச் சேர்ந்த பெலாயோ கொரேயா முன்வைத்தார். பாக்டீரியாவே காரணம் என்பது அப்போது தெரியாது. புற்றுநோய் உருவான பிறகும் இதே நெகிழ்தன்மை வேறு உருவில் வேலை செய்கிறது: அழற்சி கண்ட சூழலிலிருந்து வரும் டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற சமிக்ஞைகளால், செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் இ-கேடெரின் புரதம் குறைந்து, அவை பிரிந்து நகரும் திறன் பெற்றுப் பிற உறுப்புகளுக்குப் பரவுகின்றன.

அப்படியானால் அழற்சியை மாத்திரையால் அடக்கலாமே என்ற உங்கள் கேள்வி நியாயமானது. இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் என்ற ஊசியை இதய நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் இறப்புகள் குறைந்ததாக 2017-இல் தெரியவந்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. பின்னர் நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கே அதைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் பலன் தரவில்லை. உங்கள் விஷயத்தில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் தீங்கே செய்யும்: அவை புண்ணையும் ரத்தக்கசிவையும் உண்டாக்கும், கிருமியைத் தொடா. பாண்டாப்ரசோல் எரிச்சலைத் தணிக்கும். ஆனால் கிருமி இருக்கும்போது அதை மட்டும் நெடுங்காலம் சாப்பிட்டால், அழற்சி இரைப்பையின் மேற்பகுதிக்கும் பரவக்கூடும்.

ஆகவே கிருமியை ஒழிப்பதே முதல் வேலை. நம் நாட்டில் கிளாரித்ரோமைசினுக்கு எதிர்ப்பு மிகுந்திருப்பதால், பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டு 14 நாட்களுக்குத் தரப்படலாம். மலம் கறுப்பது பிஸ்மத்தால்தான். வாயில் உலோகச் சுவையும் வரும். இவற்றுக்காகப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, பாண்டாப்ரசோலை 2 வாரம் நிறுத்திவிட்டு, யூரியா மூச்சுப் பரிசோதனையோ மல ஆன்டிஜென் பரிசோதனையோ செய்து கிருமி போய்விட்டதை உறுதிசெய்ய வேண்டும். பலர் இதைத் தவிர்த்துவிடுவதே எனக்குப் பெரும் கவலை. ரத்தத்தில் செய்யும் ஆன்டிபாடி பரிசோதனை இதற்குப் பயன்படாது. கிருமி போன பின்னும் அது நெடுநாள் பாசிட்டிவாகவே காட்டும்.

கிருமி போனால் மெட்டாபிளாசியா உடனே மறைந்துவிடாது. ஆனாலும் தொடக்க நிலைப் புற்றுநோயை எண்டோஸ்கோப்பி வழியே அகற்றிய கொரிய நோயாளிகளிடம் கூட, கிருமியை ஒழித்தது புதிய புற்றுநோய் வருவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அடுத்து, திசு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியிலும் மேற்பகுதியிலும் இருந்து எடுத்த துணுக்குகள் தனித்தனிக் குப்பிகளில் சென்றிருந்தால்தான் பாதிப்பின் பரப்பு தெரியும். 'முழுமையற்ற' வகை மெட்டாபிளாசியாவா என்பதையும் நோயியல் நிபுணர் குறிப்பிட வேண்டும். அவ்வகைக்கு ஆபத்து கூடுதல். ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி, ஓரிடத்தில் மட்டும் இருந்தாலும் உங்களைப் போலக் குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி பொருத்தமானது. இரு பகுதிகளிலும் பரவியிருந்தால் 1 முதல் 2 ஆண்டுக்கு ஒருமுறை.

உணவில் எல்லோரும் மிளகாயைத்தான் குற்றம் சொல்கிறார்கள். உண்மையில் இங்கே குறைக்க வேண்டியது உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றை அளவோடு வையுங்கள். புகையிலையை எந்த வடிவிலும் விட்டுவிடுங்கள். ரத்தசோகை, உடல் எடை குறைதல், விழுங்குவதில் சிரமம், பிஸ்மத் சாப்பிடாத நாட்களில் மலம் கறுத்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த எண்டோஸ்கோப்பி தேதிக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் உடன்பிறந்தோருக்கும் அந்தக் குடும்ப வரலாறு பொருந்தும் என்பதால், அவர்களும் ஹெச். பைலோரி பரிசோதனை செய்துகொள்வது நல்லது.