பின் மனையை மேடாக்கிய பில்டர், வீட்டுக்குள் மழைநீர்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: தென்சென்னைப் புறநகரில் 1998-ல் மனை வாங்கி, தரைத்தளம் மட்டும் கட்டிக் குடியிருக்கிறோம். பத்திரம் என் மனைவி பெயரில் உள்ளது. எங்களுக்குப் பின்னால் இருந்த காலிமனை தாழ்வானது. எங்கள் பக்கத்து மழைநீர் அதன் வழியாக ஓடி, அதற்கு அப்பால் இருக்கும் வாய்க்காலில் சேரும். 2023 கோடையில் அந்த மனையை வாங்கிய பில்டர் நான்கடிக்கு மண் அடித்து, ஒரு துளைகூட விடாமல் காம்பவுண்டு சுவர் எழுப்பிவிட்டார். அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். 2024 அக்டோபர் மழையிலும் தண்ணீர் புகுந்தது. இப்போது அங்கே அடுக்குமாடிக் கட்டிடத்துக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. பில்டரைக் கேட்டால், “என் இடம், என் மண்” என்கிறார். உள்ளாட்சி அலுவலகத்தில், “இது தனியார் பிரச்சினை” என்கிறார்கள். வீட்டுக்கு எடுத்திருந்த இன்சூரன்ஸ் நிறுவனமோ, “இது வெள்ளம் அல்ல, தாழ்வான இடத்தில் தேங்கிய நீர்” என்று 2025 ஜனவரியில் கைவிரித்துவிட்டது. வழக்குப் போட்டு அந்த மண்ணை அகற்ற முடியுமா? அதுவரை அந்தச் சுவரில் நானே துளை போடலாமா? அல்லது ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்திவிடுவதே மேலா?

பதில்: முதலில் மண்ணை விட்டுவிடுங்கள். உங்கள் கோபம் அந்த மண்மேட்டின் மீது இருக்கிறது, ஆனால் வழக்கு நிற்கப்போவது தண்ணீர்ப் பாதையின் மீது. சொந்த மனையை மேடாக்குவது தன்னளவில் தவறல்ல. சில சமயம் அதைச் செய்யச் சொல்வதே அரசுதான். வெள்ளம் தேங்கும் பகுதியில் பெரிய கட்டிடத்துக்கு அனுமதி கேட்டால், நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். இந்த மட்டம் வரை மனையை உயர்த்த வேண்டும் என்று அந்தச் சான்றிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். நீங்கள் மண்ணை எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டால், அவர் அந்தக் காகிதத்தை நீட்டுவார், நீங்கள் முதல் வாய்தாவிலேயே தளர்ந்துபோவீர்கள். ஆனால் இத்தகைய சான்றுகளில் வழக்கமாக இன்னும் சில நிபந்தனைகள் இருக்கும்: வாய்க்காலை அடைக்கக் கூடாது, மழைநீர் வடிகால் அமைக்க வேண்டும், சுற்றுப்புறத்து நீரோட்டத்துக்குத் தடை கூடாது. உங்களுக்கு வேண்டியது அந்த வரிகள்தான்.

ஆகவே முதல் வேலை, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. சிஎம்டிஏ-விடமும் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) உள்ளாட்சியிடமும் அந்த மனைக்கான திட்ட அனுமதி, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், நீர்வளத் துறைச் சான்று இருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அனுமதி நிபந்தனையை மீறியிருந்தாலோ, அனுமதியே இல்லாமல் கட்டினாலோ, தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 56, 57 பிரிவுகளின்படி நோட்டீஸ் கொடுக்கவும், வேலையை நிறுத்தவும், பூட்டி சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. அப்புறம் அது தனியார் பிரச்சினை என்று யாரும் சொல்ல முடியாது.

கூடவே வருவாய்த் துறையிடம் அந்தப் பகுதியின் புல வரைபடத்தையும் (நில எல்லைகளைக் காட்டும் படம்), எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்று காட்டும் ‘அ’ பதிவேட்டின் நகலையும் வாங்குங்கள். நீங்கள் சொல்லும் வாய்க்கால் அரசு ஆவணத்தில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறதா, அதன் அகலம் எவ்வளவு, அது பில்டரின் மனைக்குள் ஓரடியாவது நுழைகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். நுழைந்தால் உங்கள் வழக்கின் எடையே வேறு. நீர்நிலைப் புறம்போக்கை ஆக்கிரமிப்பது பற்றி உச்ச நீதிமன்றமும் (2001, ஹிஞ்ச் லால் திவாரி வழக்கு), சென்னை உயர் நீதிமன்றமும் (2005, எல். கிருஷ்ணன் வழக்கு) கடுமையாகச் சொல்லியிருக்கின்றன. பட்டா வாங்கிவிட்டோம், வரி கட்டுகிறோம் என்ற சமாதானமெல்லாம் அங்கே பெரிதாக எடுபடாது.

வாய்க்கால் எல்லைக்கு வெளியேதான் பில்டரின் மனை இருக்கிறது என்றாலும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. அடுத்தவர் நிலத்தின் மீது நமக்குள்ள உரிமைகளைச் சொல்லும் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் (Easements Act) 7-ஆவது பிரிவில் ஓர் உதாரணம் தரப்பட்டிருக்கிறது. மேட்டு நிலத்தில் இயற்கையாகப் பெய்து, வாய்க்கால் என்று ஒன்றில்லாமல் பரந்து ஓடும் நீரைத் தாழ்ந்த நிலத்துக்காரர் தன் நிலத்தில் இறங்க விட வேண்டும், அது மேட்டு நிலத்துக்காரரின் உரிமை என்பதே அதன் சாரம். இதற்கு 20 ஆண்டு அனுபவித்ததாக நிரூபிக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை, நிலத்தோடேயே வரும் உரிமை அது. மண் அடிப்பதற்கு முன் உங்கள் மனை உயர்ந்தும் பின் மனை தாழ்ந்தும் இருந்தது என்று காட்ட முடிந்தால் போதும்.

பில்டரின் வக்கீல் இரண்டு இடத்தில் கை வைப்பார். ஒன்று சாலை. தெருவைத் திரும்பத் திரும்பப் போட்டதில் மட்டம் உயர்ந்து, தெருத் தண்ணீர் உங்கள் வீட்டில் இறங்குகிறது என்றால், “இது இயற்கை நீரே அல்ல, சாலை போட்டவர்களைக் கேளுங்கள்” என்பார். அதில் பாதி நியாயம் உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். அதைக் குறிப்பிட்டு மண்டல அலுவலகத்துக்குத் தனியாக ஒரு மனு போடுங்கள். வழக்கிலும் உள்ளாட்சியை ஒரு பிரதிவாதியாகச் சேர்க்கலாம். அரசையோ அதன் அதிகாரிகளையோ சேர்த்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆவது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் வேண்டும். அவசரம் என்றால் நீதிமன்ற அனுமதியோடு நோட்டீஸ் இல்லாமலும் தாக்கல் செய்யலாம்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் ஆபத்தானது. “மிக்ஜாம் வந்தபோது சென்னையில் பாதி மூழ்கியது, என் சுவர் இல்லாவிட்டாலும் இவர் வீடு மூழ்கியிருக்கும், அது கடவுள் செயல்” என்பார். மிக்ஜாமை மட்டும் வைத்துக்கொண்டு போனால் இதற்குப் பதில் சொல்வது கடினம். 2024 அக்டோபரும்கூட வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திய மழைதான். உங்களுக்குத் தேவை சாதாரண மழையின் சாட்சியம். ஒரு மணி நேரம் பெய்த நவம்பர் மழைக்கு வாசலில் எவ்வளவு நின்றது, எத்தனை மணி நேரம் வடியாமல் இருந்தது? சுவர் வருவதற்கு முன் அதே அளவு மழையில் என்ன ஆனது? வானிலை ஆய்வு மையத்தின் மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் நிலையங்களின் அன்றாட மழை அளவு கிடைக்கும். அதற்குப் பக்கத்தில் உங்கள் வாட்ஸ்அப்பில் கிடக்கும் பழைய வீடியோக்களைத் தேதி வாரியாக வையுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்கள் உண்டு, அவற்றில் காலிமனையும் நீர் போன தடமும் தெரிகிறதா என்று பாருங்கள். உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து உங்கள் வாசல், தெரு, பின் மனை, வாய்க்கால் அடி என்று மட்ட அளவுகளையும் எடுத்துவிடுங்கள். இந்த வழக்கில் நான் ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால் அந்த மட்ட அளவுக்குத்தான் செய்வேன்.

ஒரு எச்சரிக்கை: செல்போன் வீடியோவை நீதிமன்றத்தில் சான்றாகத் தாக்கல் செய்ய, பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் வந்திருப்பது இது. இதில் உங்கள் கையெழுத்தோடு நிபுணர் ஒருவர் கையெழுத்தும் தேவை. போனை விற்றுவிடாதீர்கள்.

சரி, வழக்கு யார் பெயரில்? மனைவி பெயரில்தான். பத்திரம் அவருடையது, நீங்கள் அதிகாரப் பத்திரம் பெற்று நடத்தலாம், சாட்சியாகவும் வரலாம். வழக்குரைஞர் நோட்டீஸ் முதல் வக்காலத்து வரை அவர் பெயரில் போகட்டும். இதில் ஒரு லாபமும் உண்டு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் 12-ஆவது பிரிவில், பெண்களுக்கும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். வெள்ளம் என்ற சொல் அந்தச் சட்டத்திலேயே இருப்பது பலருக்குத் தெரியாது, கேட்டு வாங்குகிறவர்களும் குறைவு.

உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்க வேண்டியது இரண்டு. நீரோட்டத்தைத் தடுக்கக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு). சுவரின் அடியில் போதிய அளவு திறப்போ, மனை ஓரமாக வாய்க்கால் வரை மூடிய வடிகாலோ, ஹியூம் குழாயோ (பெரிய சிமெண்ட் குழாய்) அமைத்துத் தரும்படி செயலுறுத்துக் கட்டளை (ஒன்றைச் செய்யச் சொல்லும் உத்தரவு). குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) 1963-ன் 38, 39 பிரிவுகள் இவை. கட்டிக்கொண்டிருக்கும் கட்டிடத்தின் கீழிருந்து நான்கடி மண்ணைத் தோண்டு என்று எந்த நீதிபதியும் எழுதத் தயங்குவார். ஒரு குழாய் போடு என்று எழுத அவ்வளவு தயக்கம் இருக்காது. பில்டருக்கும் அது சில நாள் வேலை, வழக்கு நிலுவையில் இருந்தால் பிளாட் விற்பது சிரமம். அதனால் சமரசத்துக்கு அவரே வரவும் வாய்ப்பிருக்கிறது. பிளாட்டுகள் விற்றுப் பதிவான பிறகு போட்டால் பிரதிவாதிகள் எண்ணிக்கை கூடும், ஒவ்வொருவருக்கும் சம்மன் கொடுத்து முடிப்பதிலேயே ஆண்டுகள் போய்விடும். இப்போதே போடுங்கள்.

தாக்கல் செய்யும்போதே, இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்குரைஞர் ஆணையரை நியமிக்க மனு போட வேண்டும், பொறியாளர் ஒருவரும் உடன் வரட்டும். ஆணையர் பார்வையிடும் நாளில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது என்றால், ஆகஸ்டிலேயே மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் வந்து பார்க்கும் ஆணையர் காய்ந்த வாசலைத்தான் எழுதிக்கொண்டு போவார். காலக்கெடு பற்றிப் பயப்பட வேண்டாம். தடை தொடரும்வரை அது தொடர் தீங்கு, உறுத்துக்கட்டளைக்கான உரிமை நாளுக்கு நாள் புதிதாகப் பிறக்கிறது. சேதத்துக்கு நஷ்டஈடு கேட்பதில் அப்படி இல்லை, மூன்று ஆண்டுக்கு முந்தையதை மறந்துவிட வேண்டியதுதான்.

தெருவில் மற்ற வீடுகளும் பாதிக்கப்பட்டிருந்தால், எல்லோரும் கையெழுத்திட்டுக் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-ஆவது பிரிவில் ஒரு மனு கொடுங்கள். பழைய சட்டத்தின் 133-ஆவது பிரிவுதான் அது. பொதுத் தொல்லையை அகற்ற அவர் உத்தரவிடலாம். காசு இல்லை, திட்டம் இல்லை என்று உள்ளாட்சி தட்டிக்கழிக்க முடியாது என்று 1980-ல் ரட்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தப் பிரிவின் கீழ்தான். உயர் நீதிமன்ற ரிட் மனுவும் ஒரு வழி. ஆனால் பெரும்பாலும் “மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலித்து முடிவெடுங்கள்” என்ற உத்தரவுதான் கிடைக்கும். அதை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்பவர்களே அதிகம். கெடு முடிந்தும் ஒன்றும் நடக்காவிட்டால் ஓராண்டுக்குள் நீதிமன்ற அவமதிப்பு மனு போட்டால்தான் அந்த உத்தரவுக்கு உயிர்.

சுவரில் துளை போடுவது மட்டும் கூடவே கூடாது. உரிமை உங்களுடையதாகவே இருந்தாலும், தடையைத் தானே அகற்றக் கூடாது என்று வசதியுரிமைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு சொல்கிறது. இது இயற்கை உரிமைக்குப் பொருந்துமா என்று வாதாடலாம்தான், ஆனால் அந்த வாதத்தைக் குற்றவாளிக் கூண்டில் நின்று செய்ய வேண்டிவரும். கடப்பாரையோடு நீங்கள் நிற்கும் படம் ஒன்று போதும், சேதம் விளைவித்ததாக அவர் புகார் கொடுக்க. மழையின்போது மோட்டார் வைத்து இறைப்பதும் அப்படித்தான். மழைநீர் வடிகாலுக்கு இறையுங்கள், பக்கத்து வீட்டு வாசலுக்கு இறைத்தால் நாளை அவர் உங்கள் மீது இதே வழக்கைப் போடலாம்.

வீட்டை ஜாக்கியில் உயர்த்துவது பற்றி. சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது சாதாரணமாகிவிட்டது, பலருக்கு நன்றாகவே முடிந்திருக்கிறது. உயர்த்துங்கள், ஆனால் ஆணையர் வந்து அளந்த பிறகு. இப்போதே தூக்கிவிட்டால், உங்கள் வாசலின் பழைய மட்டம் என்ற முக்கியச் சாட்சி மறைந்துவிடும். இனி உங்களுக்கு என்ன பாதிப்பு என்றும் கேட்பார்கள். அளந்த பிறகு தூக்கினால் அந்தச் செலவையே நஷ்டஈடாகக் கேட்க வழி உண்டு, ரசீதுகளும் வங்கிப் பரிமாற்றமும் இருக்கட்டும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கட்டிடத்தைப் பார்த்து எழுத்தில் சான்று தராமல் யாரையும் அஸ்திவாரத்தைத் தொட விடாதீர்கள். ஒப்பந்தம் முத்திரைத்தாளில் இருக்கட்டும். விரிசல் விட்டால் யார் பொறுப்பு, பக்கத்து வீட்டுக்குச் சேதமானால் யார் பொறுப்பு, வேலையாட்களுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்பது அதில் வர வேண்டும். உள்ளாட்சியிடம் அனுமதி பற்றி முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். வீட்டுக்கடன் நிலுவை இருந்தால் வங்கிக்கும், பாலிசி நடப்பில் இருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக இன்சூரன்ஸ். நிராகரிப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டு பாலிசியைப் படியுங்கள். 2021 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்தது ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்றால், அதில் புயல், வெள்ளம் என்பதோடு நீர் சூழ்தலும் சேர்த்தே எழுதியிருக்கும். தேங்கிய நீர் வேறு, வெள்ளம் வேறு என்று பிரிப்பதற்கு அதில் இடமே குறைவு. பாலிசி வாசகம் இரண்டு பொருள் தந்தால் அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகத்தான் பொருள் கொள்ள வேண்டும், விதிவிலக்கை நிரூபிக்கும் பொறுப்பும் நிறுவனத்துக்கே. கட்டிடத்துக்கு மட்டும் எடுத்திருந்தாலும், இந்தப் பாலிசியில் வீட்டுச் சாமான்களுக்குக் கட்டிடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே பாதுகாப்பு உண்டு. நனைந்து போன பீரோ, ஃபிரிட்ஜ், மெத்தை பற்றிக் கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் அதுபற்றி ஒன்றும் இல்லை, அதனால் கேட்கிறேன்.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அமர்த்திய சர்வேயரின் அறிக்கை நகலைக் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு இதுவரை எழுதியிருக்காவிட்டால் உடனே எழுதுங்கள். பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஒரு மாதம் கழிந்தும் பதிலே இல்லை என்றாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2025 ஜனவரியிலிருந்து இரண்டு ஆண்டு இருக்கிறது. ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் உங்கள் மனுவை எடுக்க மாட்டார். ஆகவே முதலில் குறைதீர்ப்பாளர், அங்கே சரியாக வராவிட்டால் ஆணையம். பாலிசி யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, அவர் கையெழுத்திலேயே மனுவை அனுப்புங்கள்.