ஒரு கோடி ஆண்டாகச் சிறையில் கிடக்கும் ஏலியன்: கதையில் அந்தச் சிறையை நம்பும்படி அமைப்பது எப்படி?

கேள்வி: அறிவியல் புனைகதை எழுதுகிறேன். ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் அடைக்கப்பட்ட ஏலியன் இப்போது விழிக்கிறது. சிறையை நம்பும்படி எப்படி அமைக்கலாம்?

பதில்:

உங்கள் வரைவில் அநேகமாக ஒரு கறுப்புக் கல்பெட்டி இருக்கும். உள்ளே ஏலியன் உறைந்து கிடக்கும், நாயகி கை வைத்ததும் பெட்டி திறந்துகொள்ளும். கேட்ட விதத்தை வைத்து ஊகிக்கிறேன், தவறென்றால் மன்னிக்கவும். "கதைக்கு எதற்கு இவ்வளவு கணக்கு" என்று கருத்துப்பெட்டிக்குக் கிளம்புபவர்களுக்கு ஒரு சொல்: மந்திரக் கதையென்றால் பூதத்தைச் சீசாவில் அடைத்து மூடிவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இவர் கேட்டிருப்பது "நம்பும்படி".

முதலில் பூட்டைப் பார்ப்போம். ஓர் ஆண்டில் அது பழுதாகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுதான் என்று வையுங்கள். அப்பேர்ப்பட்ட பூட்டும் ஒரு கோடி ஆண்டு தாண்டி நிற்க 22,000-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. மூன்று பூட்டு போட்டால் மும்மடங்கு தாங்குமா என்றால் அதுவும் இல்லை. பழுது பார்க்க ஆளில்லாத இடத்தில் மூன்றும் முதல் நாளிலிருந்தே தேய்கின்றன. கடைசிப் பூட்டு விழ ஆகும் சராசரிக் காலம் 18 லட்சம் ஆண்டுதான். ஆகவே ஏலியன் எப்படித் தப்பியது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இத்தனை காலம் ஏன் தப்பவில்லை என்பதுதான் விளக்கம் கேட்கும் இடம். தன் விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும் பொருளால் சிறை ஆனால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

அணுக்கழிவைப் புதைப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். பின்லாந்தின் ஓன்கலோ என்ற கழிவுக் கிடங்கில் சுமார் 430 மீட்டர் ஆழத்துப் பாறையில் 5 செ.மீ. தடிமனுள்ள செம்புக் கலன்களை வைத்து, சுற்றிலும் பென்டோனைட் களிமண் அடைப்பதுதான் ஏற்பாடு. நீர் பட்டால் அந்தக் களிமண் உப்பி இடுக்குகளை மூடும். அவர்கள் போடும் கணக்கு ஒரு லட்சம் ஆண்டுக்கு. உங்களுக்கு அதைப்போல நூறு மடங்கு வேண்டும்.

நான் உப்பைத்தான் சொல்வேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 655 மீட்டர் ஆழத்தில், சுமார் 25 கோடி ஆண்டுப் பழைய உப்புப் படுகையில் கழிவு வைக்கிறார்கள். உப்புப் பாறை அழுத்தத்தில் மெழுகுபோல மெல்ல நகரும், விரிசல் விட்டால் தானே மூடிக்கொள்ளும், குடைந்த அறையையும் நாளடைவில் நெருக்கி விழுங்கிவிடும். ஆகவே "பரந்த கூடத்தின் நடுவே பீடம்" என்று எழுதாதீர்கள். கைதியைச் சுற்றி ஒரு விரல் இடம்கூட மிஞ்சாது.

இனி உறைநிலை. பெரும்பாலான வரைவுகள் சறுக்குவது இங்கேதான், இரண்டு காரணங்களால். பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் 25 முதல் 30 பாகை ஏறும். பத்து கிலோமீட்டர் ஆழத்தில் பனிச்சிறை வைத்தால் அது பனியாக இருக்காது, அடுப்பாக இருக்கும். இரண்டாவது காரணம் கதிரியக்கம். மனித உடலில் இயல்பாக உள்ள பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணு ஆண்டுக்குச் சுமார் 0.17 மில்லிசீவெர்ட் தருகிறது (சீவெர்ட் என்பது கதிர்வீச்சு உடலைப் பாதிக்கும் அளவு, அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிசீவெர்ட்). உயிரோட்டம் உள்ள உடல் அந்தச் சேதத்தை அன்றன்றே சரிசெய்துவிடும். உறைந்த உடலுக்கு அது முடியாது, சேதம் சேர்ந்துகொண்டே போகும். ஒரு கோடி ஆண்டில் 1,700 சீவெர்ட். மனிதர் நான்கைந்து சீவெர்ட்டை ஒரேயடியாக வாங்கினாலே பிழைப்பது பாதிக்குப் பாதி. என் ஏலியன் உடம்பில் பொட்டாசியமே கிடையாது என்று எழுதலாம். சுற்றியுள்ள கிரானைட் சும்மா இருக்குமா? ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிகிரே (கிரே என்பது உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவு) என்றாலும் மொத்தம் பத்து, இருபதாயிரம் கிரே ஆகிவிடும். கதிர்வீச்சுத் தாங்கலுக்குப் பெயர்போன டைனோகாக்கஸ் பாக்டீரியா ஏறக்குறைய 5,000 கிரே தாங்கும், அதுவும் சேதத்தைப் பழுது பார்த்துத்தான். தூய உப்பில் கதிரியக்கம் மிகக் குறைவு என்பது உப்பைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம். பொட்டாசியம் கலந்த உப்பு அடுக்கை மட்டும் தவிருங்கள்.

ஆகவே கைதி ஒரே தூக்கமாகத் தூங்க முடியாது. 10,000 ஆண்டுக்கு ஒருமுறை விழித்து உடம்பைச் சரிசெய்தால், இடைப்பட்ட காலத்தில் சேர்வது 1.7 சீவெர்ட்தான். அப்படியென்றால் இதுவரை ஆயிரம் முறை விழித்திருக்கிறது. கதையில் வருவது ஆயிரத்தொன்றாவது விழிப்பு. உறைபெட்டியைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

சாப்பாட்டுக் கணக்கும் உண்டு. மனிதர்போல 100 வாட் செலவழித்து விழித்தே இருந்தால், ஒரு கோடி ஆண்டுக்கு 8.5 லட்சம் டன் கொழுப்பு வேண்டும். செலவை ஒரு மில்லிவாட்டாகக் குறைத்தால் 8.5 டன்னில் முடியும். கொஞ்சம் பெரிய உடம்பாக எழுதிவிட்டால் கதை நகரும். இவ்வளவு மந்தமான உயிர் உண்டா என்று யாராவது கேட்டால், தென் பசிபிக் கடலடியில் சுமார் 10 கோடி ஆண்டுப் பழைய வண்டலிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களுக்கு உணவு கொடுத்ததும் அவை பெருகின என்ற 2020ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டுங்கள்.

சிறைக்கு மின்சாரம் வேண்டுமென்றால் "அணு மின்கலம்" என்று போகிறபோக்கில் எழுதாதீர்கள். விண்கலங்களில் வைக்கும் புளூட்டோனியம்-238-இன் அரை ஆயுள், அதாவது அதன் அணுக்களில் பாதி சிதையும் காலம், 87.7 ஆண்டு. ஒரு கிலோ வைத்தாலும் ஏறத்தாழ 7,100 ஆண்டில் கடைசி அணுவரை தீர்ந்துவிடும். அரை ஆயுள் நீண்ட பொருளை எடுத்தால் திறன் சுருங்கும். கியூரியம்-247-க்கு அரை ஆயுள் 1.56 கோடி ஆண்டு, உங்களுக்கென்றே அளந்து வைத்தது போல. ஆனால் ஒரு டன்னுக்குச் சில வாட் வெப்பம்தான் வரும். அந்த ஒரு டன்னையும் ஒரே கட்டியாகக் குவித்துவிடாதீர்கள், சங்கிலி வினை தொடங்கிச் சிறையே போய்விடும். சிறு வில்லைகளாகத் தள்ளித் தள்ளி வைக்கவேண்டும். கருந்துளை அருகே காலத்தை மெதுவாக்கும் யோசனையும் வரும். ஒரு கோடி ஆண்டு உள்ளே நூறு ஆண்டாகத் தெரிய, பால்வெளி நடுவிலுள்ள கருந்துளையின் விளிம்பில் அசையாமல் நிற்பதற்குப் பூமியின் ஈர்ப்பைப்போல 3,000 கோடி மடங்குக்கும் மேற்பட்ட விசையைத் தாங்கவேண்டும். அதைத் தாங்கும் கைதியைச் சிறையே தாங்காது.

இடையில் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "பல ஒளியாண்டுகளாக உறங்கியது" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஒளியாண்டு தூரம். 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். பெயரில் "ஆண்டு" இருப்பதால் அதைக் காலமாக்கி எழுதுவது அச்சுக்கதைகளிலும் ஓயவில்லை, பிழை சொன்னால் "கவித்துவம்" என்று பதில் வருகிறது. "பல கிலோமீட்டராகக் காத்திருந்தாள்" என்பதிலும் அதே கவித்துவம்தான் இருக்கிறது.

தப்பிக்கும் வழிக்கு வருவோம். உப்பின் குணமே அதைக் கொடுத்துவிடுகிறது. மேலே இறுகிய படிவுகளைவிட உப்பு எடை குறைந்தது. மேற்சுமை சீரற்று அழுத்தினால் குமிழிபோல மேலே கிளம்பும். எல்லாப் படுகையும் கிளம்புவதில்லை, உங்களுடையது கிளம்பட்டும். ஆண்டுக்கு 0.06 மி.மீ. போதும், ஒரு கோடி ஆண்டில் 600 மீட்டர். ஈரானின் சாக்ரோஸ் மலைகளில் உப்பு தரைக்கே வந்து பனியாறுபோல வழிகிறது. மேலே வர வர நிலத்தடி நீர் உப்பைக் கரைக்கத் தொடங்கும், கரையாத ஜிப்சம் மட்டும் தொப்பிபோல மேலே தங்கும். எந்தக் குணத்துக்காக உப்பைத் தேர்ந்தெடுத்தார்களோ, அதே இளக்கம் கைதியைத் தூக்கிக்கொண்டு வருகிறது. சிறை கட்டியவர்களை முட்டாளாக்க வேண்டியதில்லை.

அதற்கு முன்பே கைதி வெளியே பேசவேண்டுமென்றால் "மனோசக்தி" வேண்டாம். சுற்றிலும் 5 செ.மீ. செம்பு உறை என்று வையுங்கள். 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 முறை அலையும் மின்காந்த அலைவு செம்புக்குள் 9 மி.மீ. போவதற்குள்ளேயே மூன்றில் ஒரு பங்காக மெலிந்துவிடும். நூறு விநாடிக்கு ஒரு அலைவு என்றால் அந்த ஆழம் 65 செ.மீ. 5 செ.மீ. உறை அதற்கு ஒரு தடையே அல்ல. அவசரமில்லாத கைதி அவ்வளவு மெதுவாகப் பேசலாம். தரைக்கு வரும்போது காந்தமானியில் ஒரு சிறு நெளிவு, அவ்வளவுதான். யாரும் ஏன் கவனிக்கவில்லை என்பதற்கும் காரணம் தயாராக இருக்கிறது. சூரியக்காற்றால் பூமியின் காந்தப்புலத்தில் எழும் இயல்பான துடிப்புகளில் ஒரு வகைக்கு 45 முதல் 150 விநாடி வரைதான் இடைவெளி. கைதியின் பேச்சு அந்த இரைச்சலில் ஒளிந்துகொள்ளும். உங்கள் நாயகி கண்டுபிடிக்க ஒரே வழி, 200 கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொரு நிலையத்தின் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. சூரியனால் வரும் துடிப்பு இரண்டிலும் இருக்கும். இது ஒன்றில் மட்டும் இருக்கும்.