இரும்பு வெட்ட எந்த வாள்? வீட்டுப் பட்டறைக் கேள்வி பதில்

கொக்குவில்: அண்ணை, சனி ஞாயிறிலை வீட்டிலை இறாக்கை, பூச்சாடி ஸ்ராண்ட் மாதிரிச் சின்ன வேலையள் செய்யத் தொடங்கியிருக்கிறன். ஒரு அங்குல பொக்ஸ் பார்தான் கூடுதலா, உள்ளுக்கு வெறுமையான சதுர இரும்புக் குழாய். முதல் என்ன மெசின் வாங்கட்டும்?

மெசினுக்கு முதல் நல்ல ஹக்சோ, அதுதான் கையாலை இரும்பு அரியிற வாள், ஒண்டு வாங்குங்கோ தம்பி. பிறேமிலை காசு மிச்சம் பிடிக்கவேண்டாம். இறுக்கேக்கை வளையிற பிறேமிலை என்ன பிளேட் போட்டாலும் வெட்டு கோணலாத்தான் போகும். பிளேட் 12 அங்குலம், பைமெற்றல் (ரண்டு வகை உருக்கை ஒட்டினது). சுண்டினால் கணீரெண்டு கேக்கிற அளவுக்கு இறுக்கவேணும், பல் முன்பக்கம் பார்க்கவேணும்.

அங்குலத்துக்கு 18, 24, 32 பல் எண்டு மூண்டு வகை கிடைக்கும். எந்த நேரமும் குறைஞ்சது மூண்டு பல்லாவது இரும்பிலை படவேணும். 24 பல் பிளேட்டிலை பல்லுக்குப் பல் இடைவெளி 1 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலை. உங்கடை பொக்ஸ் பாரின்ரை சுவர் 1.2 மி.மீ. எண்டால், அதிலை ஒரு பல்தான் நிக்கும். அது கொழுவி உடையும். 32 பல் போட்டு, வாளைச் சரிச்சுப் பிடிச்சு, ஒரு பக்கம் அறுந்தவுடனை பாரைத் திருப்பி மற்றப் பக்கத்தை அரியுங்கோ. 6 மி.மீ.க்கு மேலை கட்டி இரும்புக்கு 18 பல். தள்ளேக்கை அமத்தி, இழுக்கேக்கை விட்டு, நிமிசத்துக்கு 40, 50 இழுவை காணும். அவசரப்பட்டு அரிஞ்சால் பல் சூடாகி மழுங்கிப்போகும்.

இடையிலை பிளேட் உடைஞ்சு புதுசு போட்டால் பழைய வெட்டுக்குள்ளை விடவேண்டாம். தேய்ஞ்ச பிளேட் வெட்டின தடம் ஒடுக்கமா இருக்கும், புதுசு அதுக்குள்ளை இறுகும். மற்றப் பக்கத்தாலை தொடங்குங்கோ.

ஹக்சோவோடை ஒரு 4 அங்குலக் கிறைண்டர், கையிலை பிடிச்சுச் சுத்துற டிஸ்க்காலை வெட்டுற மெசின். அதுக்கு மேலை இப்ப ஒண்டும் தேவையில்லை.

சுன்னாகம்: கிறைண்டரிலை 1 மி.மீ. வெட்டு டிஸ்க் அடிக்கடி உடையுது. மலிவு டிஸ்க் எண்டதாலையோ?

பெரும்பாலும் டிஸ்க்கிலை பிழையில்லை, பாரைத் தாங்கின விதத்திலைதான் பிழை. ரண்டு முனையும் கல்லிலை இருக்க நடுவிலை வெட்டினால், வெட்டு முடியிற நேரம் பார் தொய்ஞ்சு வெட்டுவாய் மூடும், டிஸ்க் நசிபடும். ஒரு பக்கத்தை கிளாம்பாலை இறுக்கி, அறுந்து விழுற துண்டைச் சும்மா தொங்க விடுங்கோ. வெட்டேக்கை கிறைண்டரைச் சரிக்கவும் கூடாது, அந்த மெல்லிய டிஸ்க்கின்ரை பக்கத்தாலை பிசிறு தேய்க்கவும் கூடாது.

டிஸ்க்கின்ரை நடுவிலை இருக்கிற உலோக வளையத்திலை மாதமும் வருசமும் அடிச்சிருக்கும். அது காலாவதித் திகதி. மாரி மழைக்கு ஈரம் குடிச்ச டிஸ்க் அதுக்கு முதலே பலமிழக்கும், காத்துப் போகாத பேணிக்குள்ளை வையுங்கோ.

டிஸ்க்கை மூடுற காப்பைக் கழட்டிப்போட்டு 7 அங்குல டிஸ்க் பூட்டுற பழக்கம் சில இடங்களிலை இருக்கு. 7 அங்குல டிஸ்க்கின்ரை எல்லை நிமிசத்துக்கு 8,500 சுற்று. 4 அங்குலக் கிறைண்டர் 11,000 சுற்றுக்கு மேலை ஓடும். மிச்சம் சொல்லத் தேவையில்லை.

மானிப்பாய்: கட் ஓவ் மெசினும் ட்ரை கட் மெசினும் ரண்டுமே 14 அங்குலம், பார்வைக்கு ஒரே மாதிரி. மலிவானதை வாங்கி கார்பைட் பல் பிளேட்டைப் போடலாமோ?

கூடாது. கட் ஓவ் எண்டது கல் டிஸ்க் மெசின், அது நிமிசத்துக்கு ஏறத்தாழ 3,800 சுற்று. கார்பைட் எண்ட கடின உலோகப் பல் பிளேட் பூட்டுற ட்ரை கட் மெசின் ஏறத்தாழ 1,300. 355 மி.மீ. வட்டத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஓரத்து வேகம் ஒண்டிலை செக்கனுக்கு 70 மீற்றர், மற்றதிலை 24. கார்பைட் பல்லை அந்த 70 மீற்றர் வேகத்திலை இரும்பிலை விட்டால் பல் கழண்டு பறக்கும்.

கல் டிஸ்க் மெசின் மலிவு, முரட்டுத்தனம் தாங்கும், துருப்பிடிச்ச கம்பி, கொங்கிறீற் கம்பி எதையும் வெட்டும். ஆனால் டிஸ்க் வளையும். கேற்றுக்கு 45 பாகை வெட்டி நாலு மூலையும் சேர்க்கேக்கை இடைவெளி விழுந்து வெல்டிங்காலை நிரப்பவேண்டி வரும். ட்ரை கட் பிளேட் வெட்டினால் முகம் பளபளப்பா, கை வைக்கக்கூடிய சூட்டிலை இருக்கும், மூலைமட்டத்துக்கு ஒத்துவரும். பிளேட் விலைதான் கடிக்கும். வெட்டுற நடுவிலை பார் அசைஞ்சால் ஒரே தடவையிலை நாலைஞ்சு பல் போகும், அதாலை பாரைப் பிடிக்கிற வைஸை இறுக்காமல் சுவிச்சைத் தொடவேண்டாம். மெல்லிய பாருக்குப் பல் கூடின பிளேட், தடிச்சதுக்குக் குறைஞ்சது. உருக்கேற்றின இரும்புக்கு இது சரிவராது.

எந்த மெசினெண்டாலும் அங்கிள் அயனை (L வடிவ இரும்பு) முதுகு மேலை வாற மாதிரிக் கவிழ்த்து வையுங்கோ. ஒரு காலைப் படுக்கப் போட்டால் அந்த முழு அகலத்தையும் ஒரேயடியா வெட்டவேண்டி வந்து மெசின் திணறும்.

நல்லூர்: ஒட்டின வீடுகள், அயலிலை கைக்குழந்தை. வேலையாலை வந்து இரவிலைதான் நேரம். சத்தமில்லாத வழி இருக்கோ?

பான்ட் சோ, வளையமா ஓடுற நாடா மாதிரிப் பிளேட்டாலை அரியிற மெசின். வீட்டிலை தொடர்ந்து இரும்பு வேலை செய்யிறவைக்கு, சத்தம் ஒரு பிரச்சினை இல்லாட்டியும், கட் ஓவ் மெசினை விட இதைத்தான் சொல்லுவன். தீப்பொறியில்லை, கல்தூள் இல்லை, பக்கத்திலை நிண்டு கதைக்கலாம்.

படுக்கையா வெட்டுற சின்ன வகைக்கு 115 மி.மீ. வட்டக் கம்பி வரைக்கும் போகும். பிளேட் அளவு பொதுவா 1638 மி.மீ. நீளம், 12.7 அகலம், 0.64 தடிப்பு. மெசின் விலை கேட்க முதல் அந்த நீளத்திலை பைமெற்றல் பிளேட் கடையிலை இருக்கோ எண்டு கேளுங்கோ. பிளேட் கிடைக்காத பான்ட் சோ மூலையிலைதான் கிடக்கும். பொக்ஸ் பாருக்கு 14 பல், அல்லது 10–14 கலப்புப் பல். மெல்லிய சுவரிலை 6 பல் விட்டால் நிமிசத்திலை பல் வரிசை உரிஞ்சு போகும்.

பெல்ற்றை மாத்தி வேகம் மாத்தலாம். இரும்புக்கு நிமிசத்துக்கு 30 மீற்றர் அளவு, சில்வருக்கு (துருப்பிடிக்காத உருக்கு) 20, அலுமினியத்துக்கு இருக்கிறதிலை கூடின வேகம்.

வெட்டு சரிஞ்சு போகுது எண்டு கனபேர் மெசினைக் குறை சொல்லுவினம். பார்க்கவேண்டியது மூண்டு. பிளேட்டை நேராப் பிடிக்கிற வழிகாட்டிப் பெயரிங் ரண்டும் பாருக்கு எவ்வளவு கிட்ட இருக்கு, பிளேட் இறுக்கம் காணுமோ, மெசினின்ரை கை கீழை இறங்கிற பாரம் கூடவோ. ஸ்பிறிங்கை இறுக்கிப் பாரத்தைக் குறைச்சாலே அரைவாசி வருத்தம் மாறும். பிறகு மூலைமட்டத்தைப் பிளேட்டோடை நிமித்தி வைச்சு, கீழை மேலை ரண்டு இடத்திலையும் ஒளி தெரியுதோ எண்டு பாருங்கோ. புது பிளேட்டை முதல் சில வெட்டுக்கு அரைப் பாரத்திலை ஓடவிட்டால் பல்நுனி நிதானமாப் பதப்படும். வார்ப்பிரும்பைத் தவிர மற்றதுக்குக் கொஞ்சம் வெட்டு எண்ணெய் நல்லது. துணிக் கையுறை போடவேண்டாம், பிளேட் அதோடை கையை இழுக்கும்.

சாவகச்சேரி: அலுமினிய ஜன்னல் பிறேமுக்கு கல் டிஸ்க் காணுமோ?

இல்லை. அலுமினியம் உருகி டிஸ்க்கின்ரை துளையளை அடைக்கும், பிறகு அது வெட்டாமல் உரசிச் சூடாகி வெடிக்கும். கோணத்துக்கு வெட்டுற மைற்றர் சோவிலை அலுமினியத்துக்கெண்டு உள்ள கார்பைட் பிளேட், பல்லிலை கொஞ்சம் மெழுகு. அலுமினியத் தூளையும் இரும்புத் தூளையும் ஒரே குவியலா விடவேண்டாம், பொறி பட்டால் தண்ணி ஊத்தியும் அணைக்கேலாது.

குருநகர்: வள்ளத்துக்குச் சில்வர் பைப் வெட்டினன். ரண்டு மாசத்திலை வெட்டின இடத்தைச் சுத்தித் துரு.

துரு பைப்பின்ரை இல்லை, சாதாரண இரும்பு வெட்டின டிஸ்க்கிலை இருந்த துகள் ஒட்டி, உப்புக்காத்திலை துருப்பிடிச்சிருக்கு. சில்வருக்கு ‘ஐநொக்ஸ்’ எண்டு போட்ட டிஸ்க்கைத் தனியா வைச்சிருங்கோ. இரும்புப் பொறி பறக்கிற இடத்திலை அந்தப் பைப்பைச் சாத்தவும் கூடாது. ஹக்சோவாலை அரிஞ்சால் அமத்தம் விடாமல் அரியவேணும். பல் சும்மா உரசினால் அந்த இடம் இறுகி, பிறகு பிளேட் வழுக்கும்.

காரைநகர்: 14 அங்குல மெசினைப் போட்டவுடனை லைற் மங்குது, சிலவேளை பிறேக்கர் விழுது.

2,000 வற் எண்டால் 230 வோல்ற்றிலை ஏறத்தாழ 9 அம்பியர், தொடங்கேக்கை அதைப்போலை பலமடங்கு. மெல்லிய எக்ஸ்ரென்சன் வயரைச் சுருளா வைச்சு ஓட்டினால் வயரும் சூடாகும், மோட்டரும் திணறும். 20 மீற்றர் வரைக்கும் 2.5 சதுர மி.மீ. வயர், முழுக்க விரிச்சு. அப்பவும் விழுந்தால் மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு பிறேக்கர் வகையைப் பாக்கச் சொல்லுங்கோ. பெரிய பிறேக்கரை நீங்களா மாத்தவேண்டாம்.

பருத்தித்துறை: மகன் பின்வளவிலை கிறைண்டரோடை நிக்கிறான், பக்கத்திலை கிடுகு வேலி. பயமாக் கிடக்கு.

பயம் நியாயம்தான் அக்கா. பொறி பல மீற்றர் போகும், காய்ஞ்ச கிடுகுக்குள்ளை புகுந்தால் உடனை தெரியாது, கொஞ்ச நேரத்தாலைதான் புகையும். மதில் பக்கம் பார்த்து வெட்டச் சொல்லுங்கோ. வேலி நனைச்சிருக்கவேணும், பக்கத்திலை ஒரு வாளி தண்ணி, வேலை முடிஞ்சு அரை மணித்தியாலத்தாலை ஒருக்காப் போய்ப் பாக்கவேணும். மோட்டசைக்கிளும் காஸ் சிலிண்டரும் தள்ளி. சாரத்தோடையும் செருப்போடையும் நிக்க விடவேண்டாம், கண்ணாடி கட்டாயம். ஜிஐ பைப் (நாகம், அதாவது சிங்க் பூசின இரும்புக் குழாய்) எண்டால் வெள்ளைப் புகை வரும், அது அந்த நாகத்தின்ரை புகை. காத்துப் போற இடத்திலை நிண்டு வெட்டவேணும்.

வல்வெட்டித்துறை: மோட்டரிலை ஓடுற பழைய பவர் ஹக்சோ ஒண்டு விலைக்கு வருது. எடுக்கலாமோ?

மெதுவானது, ஆனால் தடிச்ச கம்பிக்கு நல்ல சாமான். வெறுமனை ஓடவிட்டு, திரும்பிற இழுவையிலை பிளேட் கொஞ்சம் உயருதோ எண்டு பாருங்கோ. உயராட்டில் பல் பின்னுக்கு உரசி மழுங்கும். கனக்க மெசின் இழுக்கேக்கைதான் வெட்டும், அதாலை பிளேட்டைக் கை ஹக்சோ மாதிரிப் போடாமல் மெசினிலை உள்ள அம்புக்குறியைப் பார்த்துப் போடுங்கோ. பிறேம் வழுக்கி ஓடுற தடத்திலை ஆட்டம் இருந்தால் விலையைக் குறைச்சுக் கேளுங்கோ, பிறேம் வெடிச்சு ஒட்டியிருந்தால் விடுங்கோ.