புதுவெள்ளமும் ஆற்று மீனும்: வாசகர் கேள்விகள்

கே: காவிரியில் புதுவெள்ளம் வந்த மறுநாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. விஷமா? (கரூர்)

ப: பெரும்பாலும் மூச்சுத்திணறல்தான். கோடை முழுக்கத் தேங்கிய சாக்கடை, இலைதழை எல்லாவற்றையும் முதல் வெள்ளம் வழித்துக்கொண்டு வரும். அது அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கிவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் மீனுக்கு நிம்மதி; 3-க்குக் கீழே திணறும். விராலும் தேளியும் காற்றையே சுவாசிப்பவை, அவ்வளவு சுலபத்தில் சாகாது. அவையும் செத்துக் கிடந்தால் கழிவைச் சந்தேகப்படுங்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அன்றே சொல்லுங்கள். செத்து மிதக்கும் மீனைச் சமைக்காதீர்கள்.

கே: ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மறுநாள் சோதித்தேன். ஆக்சிஜன் 2 தான். ஆலைக்கழிவா?

ப: எந்த ஊர், எந்த நேரம் என்று ஒன்றும் எழுதவில்லை. ஒரு ராத்திரி மூடி வைத்த பாட்டிலுக்குள் கிருமிகளே ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆற்றங்கரையிலேயே அளந்துவிட்டு எழுதுங்கள். அளக்கிறேன் என்று வெள்ளத்தில் இறங்க வேண்டாம்.

கே: கலங்கல் தண்ணீரில் குளோரின் போட்டால் போதுமா?

ப: போதாது. படிகாரம் போட்டுத் தெளியவைத்து, வடிகட்டி, பிறகு குளோரின். குடிக்கக் கொதிக்க வையுங்கள்.

கே: மதகுக்குக் கீழே மீன் எதிரேறுகிறது. எந்த வலை நல்லது? (திருச்சி)

ப: எந்த வலையும் வேண்டாம். ஆண்டுதோறும் இதே கேள்வி, ஆண்டுதோறும் எனக்கு அதே வயிற்றெரிச்சல். எதிரேறுவது சினை மீன். ஒரு கிலோ ரோகுவின் வயிற்றில் சுமார் 2 லட்சம் முட்டை இருக்கும். கரையோரம் வெள்ளம் பரவிய ஆழமில்லாத இடத்தில் அது முட்டையிட வேண்டும். நாம் மதகடியிலேயே மடக்கி, சினையைத் தனியாக வறுத்துத் தின்கிறோம். ஆறு மாதம் கழித்து ஆற்றில் மீனே இல்லை என்கிறோம். கடலில் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. ஆற்று மீனுக்கு முதல் வெள்ளத்தின் இரண்டு வாரமாவது விடக்கூடாதா? வயிறு உப்பிய மீன் தூண்டிலில் மாட்டினாலும் திரும்ப விடுங்கள். ஷட்டரைத் திடீரென்று இறக்குவதும் கொடுமைதான்: தண்ணீர் வடிந்ததும் குஞ்சுகள் குழிகளில் சிக்கி, இரண்டு நாள் வெயிலில் காய்ந்துபோகும். படிப்படியாக இறக்கலாமே. திரும்பச் சொல்கிறேன், வெள்ளத்தில் இறங்காதீர்கள்.

கே: பண்ணைக்குட்டை நிரம்பி ஆப்பிரிக்கக் கெளுத்தி ஆற்றுக்குப் போய்விட்டது. நஷ்டஈடு கிடைக்குமா?

ப: அதை வளர்க்கவே 2000-லிருந்து தடை. நஷ்டம் ஆற்றுக்குத்தான், அகப்பட்டதையெல்லாம் விழுங்கும் மீன் அது. மிச்சத்தை அழித்துவிட்டு, மீன்வளத் துறையிடம் சொல்லுங்கள்.