ஜூனியர் சாம்பியன் எங்கே போனார்?

கேள்வி: குளிர்கால ஒலிம்பிக்கில் கர்லிங் பார்த்தேன். இருபது வயதில் உலக ஜூனியர் பட்டம் வாங்குகிறவர்கள் அதன் பிறகு பல வருஷம் காணாமல் போய்விடுகிறார்களே, ஏன்? ஜெயித்த நாலு பேரும் அப்படியே பெரியவர்கள் போட்டிக்குப் போக வேண்டியதுதானே? கல்லைத் தள்ளிவிட்டு அதற்கு முன்னால் பெருக்கிக்கொண்டே ஓடுகிற விளையாட்டில் அப்படி என்ன கஷ்டம்?
- ஒரு வாசகர், கோவை

பதில்: காணாமல் போகவில்லை. நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

நாலு பேரும் சேர்ந்து போவதைக் கெடுப்பது முதலில் காலண்டர். உலக ஜூனியர் போட்டியில் ஆட, போட்டி நடக்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் ஜூன் 30 அன்று 21 வயது நிறைந்திருக்கக் கூடாது. நாலு பேரும் ஒரே தேதியில் பிறந்திருப்பார்களா? மூத்தவருக்கு வயது தாண்டும்போது இளையவருக்கு இன்னும் இரண்டு ஜூனியர் வருஷம் பாக்கி இருக்கும். பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அவர் எதற்கு அதை விட்டுவிட்டு வருவார்? மூத்தவர் தனியாகக் கிளம்ப வேண்டியதுதான். படிப்பு, வேலை வேறு. ஜெனிஃபர் ஜோன்ஸ் கனடாவின் ஜூனியர் பட்டம் வென்றது 1994-ல். மகளிர் தேசியப் பட்டம் முதல்முறை கிடைத்தது 2005-ல். நடுவில் வழக்கறிஞர் ஆகியிருந்தார்.

அடுத்தது ஐஸ். ஜூனியர்கள் வளர்வது கிளப் அரங்கில். அங்கே பெரும்பாலும் ஐஸ் மெதுவாக இருக்கும், கல்லும் அவ்வளவாக வளையாது. பெரிய போட்டிகள் நடப்பதோ ஐஸ் ஹாக்கி அரங்குகளில். நீர்த்துளி தெளித்து உறையவைத்த பெப்பிள் அங்கே வேறு தரம். கல்லின் அடிவளையத்தையும் உப்புத்தாளால் தேய்த்திருப்பார்கள். கல் நாலைந்து அடி வளையும். விடுபவர் பக்கத்துப் பின்கோட்டிலிருந்து, கல்லைக் கைவிட்டாக வேண்டிய ஹாக் லைன் வரை கல் வரும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் பிடிப்பது வழக்கம். மறுமுனையில் இருக்கும் இலக்கு வட்டத்துக்குள் நிற்க வேண்டிய கல்லுக்கு நல்ல ஐஸில் ஏறக்குறைய 3.8 வினாடி. அதில் 0.1 வினாடி பிசகினால் கல் நிற்கும் இடம் சுமார் ஒன்றரை மீட்டர் மாறிவிடும். வட்டத்தின் ஆரமே 1.83 மீட்டர்தான். பார்வையாளர் கூட்டமும் விளக்கும் சேர்ந்து ஈரப்பதத்தை ஏற்ற, ஆட்டத்தின் பாதியில் இந்தக் கணக்கும் மாறும். மூன்றாவது எண்டில் (இரு அணியும் தலா எட்டுக் கல் விடும் ஒரு சுற்று) சரியாக இருந்த தள்ளல் எட்டாவதில் ஏமாற்றும்போது, அதை ஒரே கல்லில் கண்டுபிடிக்கிற கண் இருபது வயதில் அபூர்வம்.

பொறுமையும் அப்படித்தான். எண்டின் கடைசிக் கல் கையிலிருந்தால் அதை ஹேமர் என்பார்கள். ஒரு புள்ளி எடுத்தால் ஹேமர் எதிரணிக்குப் போகும். யாருக்கும் புள்ளியில்லாமல் எண்டைக் காலியாக்கினால் நம்மிடமே இருக்கும். ஒரு புள்ளி கிடைத்தாலே ஜூனியர் அணி எடுத்துவிடும். அனுபவசாலிகள் வேண்டுமென்றே காலியாக்கிவிட்டு, அடுத்த எண்டில் இரண்டுக்குக் காத்திருப்பார்கள். முதல் ஐந்து கல் வரை வட்டத்துக்கு முன்னால் நிற்கும் எதிரணியின் காவல் கற்களை அடித்து வெளியேற்றக் கூடாது என்று விதி வந்த பிறகு, கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துத் தள்ளிப் பிழைக்கும் வழியும் குறைந்துவிட்டது.

ஆனால் பெரிய சிக்கல் இதெல்லாம் இல்லை. ஜூனியரில் பெயர் வாங்குவது ஸ்கிப், அதாவது திட்டம் போட்டுக் கடைசி இரண்டு கல்லை விடும் கேப்டன். வருஷா வருஷம் ஜூனியரிலிருந்து இத்தனை ஸ்கிப்கள் வந்து இறங்கினால் பெரியவர்கள் ஆட்டத்தில் அத்தனை நாற்காலி ஏது? புதிய அணிக்குத் தரவரிசைப் புள்ளியும் இருக்காது. கர்லிங்கின் கிராண்ட் ஸ்லாம் போட்டிகளோ பொதுவாக முதல் 16 அணிகளோடு முடிந்துவிடும். ஆகவே புத்திசாலிகள் ஒரு படி இறங்கி, நல்ல அணியில் மூன்றாமவராக, அதாவது ஸ்கிப்புக்கு முன்னால் கல் விடுபவராகச் சேர்கிறார்கள். ஜான் மோரிஸ் 1998, 1999 இரண்டு வருஷமும் ஸ்கிப்பாக உலக ஜூனியர் பட்டம் வென்றவர். 2010 வான்கூவரில் தங்கம் வாங்கியது கெவின் மார்ட்டினுக்குக் கீழே மூன்றாமவராக. கெய்ட்லின் லாஸ் 2008, 2009-ல் கனடிய ஜூனியர் பட்டம் வென்ற ஸ்கிப். 2014 சோச்சியில் ஜோன்ஸ் அணியின் மூன்றாமவர். ஒரு ஆட்டம்கூடத் தோற்காத தங்கம் அது. பிறகு 2018-ல் மோரிஸும் லாஸும் ஜோடி சேர்ந்து கலப்பு இரட்டையரில் இன்னொரு தங்கம் எடுத்தார்கள்.

பிராட் குஷு இறங்காமலே இறங்கினார். 2001 உலக ஜூனியர் சாம்பியன். 2006 டூரின் ஒலிம்பிக்கில் 50 வயதைத் தொட்ட ரஸ் ஹோவர்டைச் சேர்த்துக்கொண்டார். ஹோவர்ட் விட்டது இரண்டாமவர் கற்களை. எந்தக் கல் எங்கே என்று முடிவு செய்ததும் அவர்தான். கடைசி இரண்டு கல்லை மட்டும் குஷு விட்டார். தங்கம் வந்தது. ஒலிம்பிக் தங்கம் இருந்தும் கனடாவின் தேசிய ஆடவர் பட்டமான ப்ரையர் அவருக்குக் கிடைக்க 2017 ஆயிற்று. அந்த ஊரில் அவ்வளவு போட்டி.

இனி நீங்கள் கேட்ட பெருக்கும் வேலை. கல் ஏறக்குறைய 19 கிலோ கருங்கல். பிரஷில் உடல் எடையைச் சாய்த்து, ஓடுகிற கல்லுக்கு முன்னால் இருபது வினாடிக்கும் மேல் தேய்த்தால், ஐஸின் மேற்பரப்பு லேசாகச் சூடேறிக் கல் மூன்று நாலு மீட்டர் கூடுதலாகப் போகும், வளைவும் குறையும். முதல் கல்லை விடும் லீட், எண்டுக்கு இரண்டு கல் விடுகிறார்; மீதி ஆறுக்கும் தேய்க்க வேண்டியவர். பத்து எண்டுக்கு அறுபது கல். ஜூனியரில் கல் விடும் அழகைப் பார்த்து ஆள் எடுத்துவிடுவார்கள். பெரியவர்கள் ஆட்டத்தில் முன்வரிசை இரண்டு பேரைத் தோள் வலு பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

2017 ப்ரையர் இறுதி ஆட்டம், குஷுவின் சொந்த ஊரான செயின்ட் ஜான்ஸில். கடைசிக் கல், வட்டத்துக்குள் சரியான இடத்தில் நின்றால் பட்டம். குஷுவின் கையிலிருந்து கல் வலுக் குறைவாகக் கிளம்பிவிட்டது. அவர் அணியின் முன்வரிசை இரண்டு பேர், பிரெட் கேலன்ட்டும் ஜெஃப் வாக்கரும், கடைசிவரை தேய்த்து அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், 7-6. அந்த வாக்கர் 2006-ல் உலக ஜூனியர் பட்டம் வென்ற அணியின் மூன்றாமவர்.