ஏரியில் உப்பு இல்லை

வணக்கம் ஐயா,

நான் பொதுப்பணித்துறையில் உதவிச் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் முக்கால்வாசி கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வாய்க்காலும் மதகுமாகக் கழிந்தது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறோம். சிகாகோவுக்கு மேற்கே, ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு புறநகர். செப்டம்பரில் ஊர் திரும்புகிறோம்.

'கோடையில் சிகாகோவுக்குப் போனால் நாலு நாள் போதாது' என்று நீங்கள் எழுதியதை மருமகனிடம் காட்டினேன். பேத்திக்குப் பள்ளி விடுமுறை. அவரும் மூன்று நாள் லீவு போட்டு அழைத்துப்போனார். வில்லிஸ் டவரில் 103ஆம் மாடிக் கண்ணாடிப் பெட்டி, 'பீன்' என்று சொல்கிற எஃகு உருண்டை, நேவி பியர் ராட்டினம், இரண்டு இரவு வாணவேடிக்கை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதைப் பார்த்தாலும் ஏற்கெனவே வாட்ஸப்பில் பார்த்துவிட்டதாகவே தோன்றியது. மூன்றாம் நாள் டீப் டிஷ் பீட்சா. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். என் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "இதென்ன, சீஸில் கிண்டின களி!" என்றாள். நாங்கள் சைவம் என்பதால் மற்றதைத் தொடவில்லை. இந்த ஊரில் அப்படி என்ன கண்டீர்கள் என்று கேட்கத் தோன்றியது, கோபிக்க வேண்டாம்.

ஒன்றே ஒன்று மட்டும் மனதில் தைத்துவிட்டது. படகில் போகும்போது வழிகாட்டிப் பெண் "இந்த ஆற்றை எதிர்த்திசையில் திருப்பிவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டுக் கட்டடங்களுக்குத் தாவிவிட்டாள். உண்மையா? எப்படிச் செய்தார்கள்? ஆகஸ்டில் இன்னும் இரண்டு நாள் கிடைக்கும். என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்?

அன்புடன்,
ஆர்.

---

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

கோபமெல்லாம் இல்லை. நான் அந்தக் கோபுரத்தில் ஏறிய அன்று மேகம் இறங்கியிருந்தது. டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று, காது அடைக்க மேலே போய், அரை மணி நேரம் வெள்ளையாக ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டு இறங்கினேன். நீங்கள் பரவாயில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திதான் உங்கள் புகாருக்குப் பதில். உங்களைப் போன்றவர் பார்க்கவேண்டிய ஊர் அது. தவறான வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள்.

ஆறு திரும்பியது உண்மைதான். சிகாகோ ஆறு இயல்பில் கிழக்கே ஓடி மிஷிகன் ஏரியில் விழுந்த சின்ன ஆறு. ஊர் பெருக்க ஆரம்பித்ததும் கழிவு முழுக்க அதில் போய், அது ஏரியில் போய், குடிதண்ணீரையும் அதே ஏரியிலிருந்தே எடுத்தார்கள். எல்லீஸ் செஸ்பரோ என்ற பொறியாளர், ஏரிக்கு அடியில் இரண்டு மைல் தூரம் சுரங்கம் தோண்டி, கரையை விட்டு விலகிய நல்ல தண்ணீரை 1867இல் கொண்டுவந்தார். கொஞ்ச காலம் தாங்கியது. மழை பலமாகப் பெய்தால் சாக்கடை அந்தத் தூரத்தையும் எட்டிப் பிடிக்கும் என்ற பயம் தீரவில்லை.

ஊருக்கு மேற்கே ஒரு மேடு இருக்கிறது. மேடு என்று சொன்னால்தான் உண்டு, கண்ணால் பார்த்தால் தெரியாது. அதற்குக் கிழக்கே விழும் மழை ஏரிகள் வழியாக அட்லாண்டிக்குக்கும், மேற்கே விழுவது மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கும் போகும். அந்த மேட்டை அறுத்துக்கொண்டு 28 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். 1892இல் ஆரம்பித்து 1900இல் திறந்தார்கள். அணை போட்டுத் திருப்பவில்லை. ஆற்றைவிட ஆழமாகக் கால்வாயை வெட்டி வாட்டத்தை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். ஏரித் தண்ணீர் ஆற்றுக்குள் வந்து, கால்வாயில் இறங்கி, மிசிசிப்பியைப் பார்த்துப் போகத் தொடங்கியது. உங்களுக்கு இதை விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததும் உங்களுக்குப் பழகின கதைதான். சிகாகோவின் கழிவு போய்ச் சேரும் பக்கத்தில் செயின்ட் லூயிஸ் நகரம். அது மிசோரி மாநிலம். வழக்குப் போடப்போகிறார்கள் என்று தெரிந்து, தடை வருவதற்குள் 1900 ஜனவரி 2ஆம் தேதி விழா எதுவும் இல்லாமல் அவசரமாகத் தண்ணீரை விட்டுவிட்டார்கள். மிசோரி மாநிலம் அமெரிக்க உச்சநீதிமன்றத்துக்குப் போய், 1906இல் தோற்றது. அடுத்து, ஏரியைச் சுற்றியுள்ள மாநிலங்கள் 'எங்கள் ஏரி மட்டம் இறங்குகிறது' என்று கிளம்பின. கடைசியில் 1967 தீர்ப்பின்படி, சிகாகோ இருக்கும் இலினாய் மாநிலம் ஏரியிலிருந்து வினாடிக்கு 3,200 கன அடிக்கு மேல் எடுக்கக்கூடாது. பேப்பரைப் பிரித்ததும் மேட்டூரில் எத்தனை கன அடி என்று தேடுகிற ஜில்லாவைச் சேர்ந்தவர் நீங்கள். வாணவேடிக்கையைவிட இந்த எண் உங்களுக்குச் சுவாரசியமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே ஆகஸ்டில் முதல் நாள் இப்படிச் செய்யுங்கள். காரை விட்டுவிட்டு ரயிலில் யூனியன் ஸ்டேஷனுக்கு வாருங்கள். வெளியே வந்தால் ஆற்றின் தென்கிளை. பாலத்தின் நடுவில் நின்று ஒரு இலையைப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் ஏறக்குறைய நிற்பது போலத்தான் இருக்கும், பொறுமை வேண்டும். காலடியில் இருக்கும் பாலமே பார்க்கத்தக்கது. நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும் பாலங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. எதிர்ப்பாரம் கரைக்குள் ஒளிந்திருக்கும், ஏற்றத்தில் கல் கட்டுவோமே, அதே கணக்கு. அங்கிருந்து, கோடையில் ஓடும் வாட்டர் டாக்ஸியில் ஏறிக் கிழக்கே போகலாம்.

அப்புறம் முக்கியமானது. நீங்கள் போன படகு ஆற்றோடு திரும்பியிருக்கும். 'ஆறும் ஏரியும்' சேர்ந்த சுற்று என்று கேட்டு டிக்கெட் எடுங்கள். அந்தப் படகு ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் லாக்கை, அதாவது இரண்டு பக்கமும் கதவு வைத்த நீர்த்தொட்டியைத் தாண்ட வேண்டும். 1938இல் கட்டி முடித்தது. ஏரி மட்டம் பொதுவாக ஆற்றைவிட சில அடி உயரம். படகை உள்ளே விட்டுப் பின்கதவைச் சாத்துவார்கள். ஏரிப் பக்கக் கதவை லேசாகத் திறக்க, தண்ணீர் தானாக ஏறி மட்டம் சமமாகும். தண்ணீரை ஏற்றப் பம்ப் எதுவும் கிடையாது. பெருமழையில் ஆறு நிரம்பி வழியும் நிலை வந்தால் இதே கதவுகளைத் திறந்து ஆற்றை ஏரிக்குள் விட்டுவிடுவார்கள். அன்று மட்டும் ஆறு தன் பழைய திசையில் ஓடும். அது அடிக்கடி நடக்காமலிருக்க, ஊருக்கு அடியில் 109 மைல் சுரங்கம் தோண்டி மழைநீரைப் பிடித்து வைக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சென்னையில் உங்கள் உறவினர்களுக்குப் பயன்படும். தெருவை மேலே மேலே போட்டு வீடு பள்ளத்துக்குப் போனதும் இங்கே ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறோமே, சிகாகோ அதை 1850களிலும் 60களிலும் ஊர் முழுக்கச் செய்தது. தரை மட்டமாக இருந்ததால் சாக்கடைக்கு வாட்டம் கிடைக்கவில்லை. குழாயைத் தெரு மேலேயே போட்டு மண் நிரப்பினார்கள். கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளில் அங்குலம் அங்குலமாகத் தூக்கினார்கள். பெரிய ஹோட்டல்களை, தங்கியிருந்தவர்களைக் காலி செய்யாமலே உயர்த்தினார்கள். பின்னாளில் ரயில் பெட்டி செய்து பணக்காரரான ஜார்ஜ் புல்மன், இந்தத் தூக்கும் வேலையில்தான் அங்கே முதலில் பெயர் வாங்கினார்.

ஏரிக்கரைக்கு வருவோம். எதிர்க்கரை தெரியாது, அலை அடிக்கும், மணல் இருக்கும், ஆனால் காற்றில் உப்பு வாடை கிடையாது. மெரினாவில் நடந்து பழகிய மூக்கு அதை ஏற்க ஒரு நாள் ஆகும். வடக்குத் தெற்காக 500 கிலோமீட்டர் நீளமுள்ளதை நாம் வீராணத்துக்கும் சொல்கிற அதே 'ஏரி' என்ற சொல்லால் அழைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

நகரத்தின் நடுவே அந்தக் கரை காலியாக இருப்பதைக் கவனித்தீர்களா? 1836இல் அங்கே முந்தைய வேறொரு கால்வாயை வெட்டவந்த ஆணையர்கள், நிலத்தை மனை போட்டு விற்கும்போது வரைபடத்தில் கரையோரத் துண்டில் ஒரு வரி எழுதினார்கள்: இது பொதுநிலம், எக்காலத்துக்கும் கட்டடமோ தடையோ இன்றித் திறந்தே இருக்கவேண்டும். நம் கணக்கில் புறம்போக்கு. பிறகு ஆளாளுக்கு அதில் கட்டப் பார்த்தார்கள். தபாலில் சரக்கு விற்ற மான்ட்கோமரி வார்ட் என்ற வியாபாரி 1890இல் வழக்குப் போட்டு, ஏறக்குறைய இருபது வருடம் ஊராரின் திட்டையும் வாங்கிக்கொண்டு அந்த ஒரு வரியைக் காப்பாற்றினார். கிரான்ட் பார்க் மிஞ்சியது அப்படித்தான். நம் பக்கத்தில் ஏரிப் புறம்போக்குக்கு என்ன ஆயிற்று என்பதை உங்கள் துறை ஆவணங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லும், நான் வாயைத் திறக்கவில்லை.

கோபுரத்தில் மறுபடி ஏற வேண்டாம். கீழே, ஆற்றுப் பக்கமாகக் கொஞ்ச தூரம் தள்ளி நின்று அண்ணாந்து பாருங்கள். ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டாகக் கட்டி நிறுத்தியது அது. சில குழாய்கள் 50ஆம் மாடியில் நின்றுவிடும், சில 66இல், சில 90இல். இரண்டு மட்டும் உச்சிக்குப் போகும். காற்றுக்கு அதிகம் அசையாமலிருக்க டாக்காவில் படித்து வளர்ந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் கண்ட வழி. 1970களின் தொடக்கத்தில் எழுந்தது. உள்ளே போனால் அவர் செய்தது எதுவும் தெரியாது.

இனி சாப்பாடு. உங்கள் வீட்டம்மாவின் 'சீஸில் கிண்டின களி'யை என் சிகாகோ நண்பருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். டீப் டிஷ் 1943இல் அங்கே பிறந்தது, ஆனால் ஊர்க்காரர்கள் அதைப் பெரும்பாலும் விருந்தாளி வரும்போதுதான் சாப்பிடுகிறார்கள். வாரநாளில் அவர்கள் வாங்குவது அப்பளம் போல மொறுமொறுவென்று, வட்டமாகச் சுட்டுச் சதுரம் சதுரமாக வெட்டிய மெல்லிய பீட்சா. 'டாவர்ன் ஸ்டைல்' என்று கேளுங்கள். மேலே ஜியார்டினேரா போடச் சொல்லுங்கள். காலிஃப்ளவர், கேரட், செலரி, பச்சை மிளகாய் எல்லாம் எண்ணெயில் ஊறிய சமாசாரம். இத்தாலியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்தது, அந்த ஊரில் காரம் ஏறிவிட்டது. நம் ஊறுகாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. நான் இரண்டு பாட்டில் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தயிர்சாதத்தோடு தீர்த்தேன். (அவர்களிடம் இதைச் சொல்லவில்லை.)

இட்டாலியன் பீஃப், ஹாட் டாக் இரண்டும் உங்களுக்கு ஆகாது, விட்டுவிடலாம். பேத்தி ஹாட் டாக் சாப்பிட்டால் கெச்சப் மட்டும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கடுகு விழுது, வெங்காயம், தக்காளி, ஊறிய மிளகாய், செலரி உப்பு எல்லாம் உண்டு. கெச்சப் கேட்டால் ரசத்தில் சர்க்கரை கேட்டவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

இரண்டாம் நாள் பிற்பகல் பில்சன் என்ற மெக்சிகோக்காரர் பகுதிக்குப் போங்கள். அங்கே மெக்சிகக் கலை அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. தெருவில் வண்டியில் மக்காச்சோளம் விற்பார்கள், எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவி. மெரினா ஞாபகம் கட்டாயம் வரும். மயோனைஸ் வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதில் முட்டை உண்டு. பீன்ஸ், தமாலே (சோளமாவுக் கொழுக்கட்டை) வாங்கும்போது 'மன்தேகா' இருக்கிறதா என்று கேளுங்கள். பன்றிக்கொழுப்புக்கு அவர்கள் சொல். இதை நான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

தோசை கேட்கும் நாக்குக்கு டெவன் அவென்யூ இருக்கிறது, மருமகனுக்கே தெரிந்திருக்கும். அங்கே சாப்பாட்டைவிட எனக்குப் பிடித்தது தெருப் பெயர்ப் பலகைகள். ஒரே சாலையில் காந்தி மார்க், ஜின்னா வே, ஷேக் முஜிப் வே, கோல்டா மேயர் பெயரிலும் ஒரு துண்டு. யார் எங்கே கடை போட்டார்களோ அவர்கள் கேட்ட பெயர்.

கடைசியாக ஒன்று, உங்கள் ஜில்லாக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார். ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில், 12ஆம் நூற்றாண்டு நாகப்பட்டினத்துப் புத்தர், கருங்கல், தியானத்தில் அமர்ந்த கோலம், ஆளுயரத்துக்குச் சற்றே குறைவு. 1893 செப்டம்பரில் விவேகானந்தர் பேசிய சர்வசமயப் பேரவை நடந்தது இதே கட்டடத்தில். அவரை அனுப்ப அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் சென்னையில் வீடு வீடாகப் பணம் சேர்த்தார்கள். புத்தர் பிறகு வந்து சேர்ந்தவர். வாரத்தில் எந்த நாள் மூடியிருக்கும் என்று பார்த்துக்கொண்டு போங்கள். ஓவியக் கூடங்களில் காலைத் தேய்த்துவிட்டு வராமல், கால் ஓய்வதற்குள் அவரை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆகஸ்ட் வெயில் கும்பகோணத்துப் புழுக்கம்தான், ஏரிப் பக்கம் மட்டும் கொஞ்சம் தணிந்திருக்கும். லாக்குக்குள் படகு நுழைந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். நான் போனபோது கதவு சாத்தி மட்டம் ஏறி வெளியே வரப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்தது. எத்தனை அடி ஏறியது என்று சுவரில் அளவு பார்க்கத் தெரியாமல் விட்டுவிட்டேன். நீங்கள் பார்த்து எழுதுங்கள்.